என் கைக் கொப்புளமும் அண்ணன் இரத்தமும்

"ஏங்க்கா, கையில என்ன அது?" என்று கேட்ட பிறகு யாராவது சூப்பை வாங்கிக் குடிப்பார்களா? கேட்டவர் நல்ல மனுஷர்தான். காரில் குடும்பத்தோடு அருவி பார்க்க வந்தவர். டம்ளரை நீட்டிய என் கையைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்தார், காசை மட்டும் பலகையில் வைத்துவிட்டுச் சூப்பைத் தொடாமலே வண்டியில் ஏறிவிட்டார். எனக்கு வந்ததே ஆத்திரம்! "நான் என்ன பிச்சையா கேட்டேன்? காசை எடுத்துட்டுப் போங்க!" என்று வண்டி போன பக்கம் பார்த்துக் கத்தினேன். கத்தி முடித்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் கையை நானே பார்த்தேன். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

மலைமேல் வளப்பூர் நாட்டில் பஸ் திரும்பும் இடத்தில் முடவாட்டுக்கால் சூப்புக் கடை வைத்திருப்பவள் நான், பழனியம்மா. முடவாட்டுக்கால் என்பது பாறையில் ஒட்டி வளரும் ஒரு கிழங்கு. மேலே ஆட்டுக்கால் மாதிரி முடி இருக்கும். அதைச் சீவி, இடித்து, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்தால் முட்டிவலிக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். கொஞ்சம் மிளகுக் கொடியும் குச்சிக்கிழங்குக் காடும் உண்டு. வீட்டுக்காரர் திருப்பூர் மில்லில் இருக்கிறார், மாதம் ஒரு தடவை வருவார். மகள் ரேவதி என்னோடு இருக்கிறாள். பக்கத்துக் காடு என் அண்ணன் வெள்ளையனுடையது. இந்த நோய்க்கதை என் கையில் தொடங்கி அந்த அண்ணனிடம் போய் நின்றது. அதனால் அவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

ரேவதி பிறந்தபோது எனக்கு இரத்தம் நிற்கவில்லை. தூளி கட்டித் தூக்கிவந்து, ஜீப்பில் போட்டு, வளைவு வளைவாகக் கீழே இறக்கினார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று பேர் சொல்லிப் பிரயோசனமில்லை, ரொம்ப வருஷம் ஆகிவிட்டது. அண்ணன் அப்போது ரிக் வண்டியில், அதுதான் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் லாரியில், வடக்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நோம்பிக்கு, அதுதான் ஊர்த் திருவிழாவுக்கு, வந்திருந்த நேரம். ஆஸ்பத்திரியில் இரத்தம் வேண்டும் என்று சொன்ன மறு நிமிஷம் சட்டையைக் கழற்றிக்கொண்டு போய்ப் படுத்தாராம். அவர் கொடுத்தது ஏறிய பிறகுதான் எனக்குக் கண் திறந்தது.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே பெருமை. நான் யாரோடாவது சண்டை போட்டால், "என்ற ரத்தம், அதான் சும்மா கொதிக்குது" என்பார். நன்றாகச் சமைத்தால் அதுவும் அவர் இரத்தம்தான். ஒறம்பரை, விருந்தாளி என்று யாராவது வந்தால் போதும், "இவ ஒடம்புல ஓடறது என்ற ரத்தமுங்க" என்று ஆரம்பித்துவிடுவார். கேட்டுக் கேட்டு எனக்கே சலித்துப்போயிருந்தது. சலித்தாலும் உள்ளுக்குள் எனக்கும் அந்தப் பெருமை இருந்தது.

சரி, கைக்கு வருகிறேன். மிளகு காயவைக்கும் காலத்தில்தான் ஆரம்பித்தது. புறங்கையில் கொப்புளம் வரும், உடையும், புண்ணாகும், ஆறின இடத்தில் வெள்ளையாகக் கம்பு மணி போலச் சின்னச் சின்ன முடிச்சு நிற்கும். பாத்திரம் லேசாக உரசினாலே தோல் வழன்றுவிடும். மிளகுச் சூடு என்றார்கள். சூப்பு ஆவி என்றார்கள். மாரியாத்தா போட்டிருக்கிறாள் என்று ஒருத்தி வேப்பிலை கொண்டுவந்து வாசலில் செருகிவிட்டுப் போனாள். மலையில் குளிர்காற்று வீசிக்கொண்டே இருப்பதால் வெயில் உறைக்காது. அதனால் வெயிலை யாரும் சந்தேகப்படவில்லை. கன்னத்து ஓரத்தில் வேறு முடி வளர ஆரம்பித்தது. அண்ணன் விடுவாரா? "பாப்பா, மீசை மொளைக்குது! அடுத்த நோம்பிக்கு நீயே கெடா வெட்டலாம் போ" என்று கடையில் நாலு பேர் இருக்கும்போது சொல்லிச் சிரித்தார். நான் கரண்டியை எடுத்துக் காட்டினேன்.

அசதியும் இருந்தது. ஒரு மருத்துவ முகாமில் சொன்னபோது இரத்தம் குறைவாக இருக்கும் என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். நல்லதுதானே என்று, அது தீர்ந்த பிறகும் மெடிக்கலில் நானே கேட்டு வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தேன். எரிகிற அடுப்பில் நானே விறகைத் தள்ளிக்கொண்டிருக்கிறேன் என்று அப்போது தெரியாது.

காசை வைத்துவிட்டுப் போன அந்தக் கார்க்காரர்தான் என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார் என்று சொல்லவேண்டும். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ரேவதியும் நானும் இறங்கினோம். காளப்பநாயக்கன்பட்டியில் ஒரு டீ குடித்துவிட்டு, வேறு பஸ் மாறி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். தோல் டாக்டரைப் பார்க்க வந்த கூட்டத்தில் எல்லோரும் அடுத்தவர் தோலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் பக்கத்தில் இருந்த அம்மாள் என் கையைப் பார்த்ததும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். கடையாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அங்கே கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

தோல் டாக்டரம்மாவுக்கு ரேவதியை விடக் கொஞ்சம்தான் வயது கூட இருக்கும். கையைத் தொட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உறை போடாமல் தொடுகிறாரே என்று எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

"ஒண்ணுக்குப் போனா என்ன கலர்ல போகுது?"

"வரக்காப்பி மாதிரிங்க. தண்ணி குடிக்காததுன்னு நெனச்சனுங்க."

ஒரு குப்பியில் பிடித்து வரச் சொன்னார். அறை விளக்கை அணைத்துவிட்டு, ஊதா வெளிச்சம் வரும் ஒரு சின்ன விளக்கை அந்தக் குப்பியின் மேல் காட்டினார். உள்ளே இருந்தது பஞ்சுமிட்டாய் ரோஸ் நிறத்தில் மினுங்கியது. ரேவதி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். என் உடம்பிலிருந்து வந்தது இருட்டில் எரிகிறது என்றால் உள்ளே என்னதான் நடக்கிறது?

டாக்டரம்மா விளக்கைப் போட்டுவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். இரத்தத்துக்குச் சிவப்பு கொடுக்கும் பொருளை உடம்பு படிப்படியாகச் செய்கிறதாம். என் கல்லீரலில் அதில் ஒரு படி ஓடவில்லை. பாதியில் நின்ற சரக்கு தோலில் வந்து தங்குகிறது. அதில் வெயில் பட்டால் தோல் பொத்துப்போகிறது. இதற்குப் போர்ஃபிரியா என்று பெயர். கல்லீரலில் இரும்புச்சத்து தேங்கினால் இது கிளம்பும். கல்லீரலில் வேறு ஏதாவது உட்கார்ந்திருந்தாலும் கிளம்பும்.

"வேற என்னங்க உக்காந்திருக்கும்?"

"அதுக்குத்தான் இரத்தம் டெஸ்ட் எழுதுறேன்" என்றார்.

வந்த முடிவு ஹெபடைடிஸ் சி. கல்லீரலைப் பிடிக்கும் வைரஸ். காமாலை என்றால் கண் மஞ்சளாக வேண்டுமே என்று கேட்டேன். இந்த வகை பல வருஷம் சத்தம் காட்டாமல் கிடக்கும், சிலருக்குத் தோலில்தான் முதலில் காட்டும் என்றார். சிலருக்கு ஓயாத அரிப்பு. சிலருக்கு முழங்காலுக்குக் கீழே சிவப்புப் புள்ளிகள், கையால் தடவினால் தட்டுப்படும். சிலருக்கு என்னைப் போலக் கொப்புளம். தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் தின்றாலும் ஒட்டாது, சூப்பில் கலக்காது. இரத்தத்தோடு இரத்தம் கலந்தால்தான் போகும். மாத்திரை இருக்கிறது, அரசாங்கமே இலவசமாகத் தருகிறது, மூன்று மாதம் விடாமல் சாப்பிட்டால் அநேகமாக எல்லோருக்கும் போய்விடும். இதைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. எழுந்திருக்கப் போனேன்.

"இருங்கம்மா. எப்பவாவது உங்களுக்கு இரத்தம் ஏத்தினாங்களா?"

நான் ரேவதியைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். அவள்தான் சொன்னாள்.

"நான் பொறந்தப்ப ஏத்தினாங்க டாக்டர். மாமா குடுத்தாரு. இன்னொரு பாட்டில் வேற யாருதோ."

அந்தக் காலத்தில் கொடுக்கும் இரத்தத்தில் இந்த வைரஸைத் தேடிப் பார்ப்பதில்லை, ஆனாலும் அதில்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, ஊசியில் வந்திருக்கலாம், அந்த இன்னொரு பாட்டிலில் வந்திருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். ஆனால் மாமாவும், வீட்டில் எல்லோரும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளவேண்டும். வைரஸ் இருந்து, தெரியாமலே விட்டுவிட்டால் கல்லீரல் கல்லாக இறுகிப்போகும், சிலருக்குக் கட்டியில் கொண்டுபோய் விடும்.

திரும்பி வரும் பஸ்ஸில் ரேவதி ஏதேதோ பேசினாள். என் காதில் ஏறவில்லை. அண்ணனின் இடது முன்கையில் ஒரு தேள் பச்சை குத்தியிருக்கும். வடக்கே ஏதோ திருவிழாவில், வரிசையில் நின்ற எல்லோருக்கும் ஒரே ஊசியால் குத்தினார்கள் என்று அவரே சிரித்துச் சொன்னது நினைவுக்கு வந்தது. அது எனக்கு இரத்தம் கொடுத்ததற்கு முந்தின வருஷம். ரிக் வண்டியில் காய்ச்சல் என்றால் யாரோ ஒருவர் வந்து எல்லோருக்கும் ஒரே ஊசி போடுவார் என்பதும் நினைவு வந்தது. எனக்கே இவ்வளவு வருஷத்தில் இந்தக் கதி என்றால், எனக்கும் முன்னால் அந்த வைரஸை வாங்கிக்கொண்டவருக்கு உள்ளே என்ன ஆகியிருக்கும்?

ரேவதிக்கும் வீட்டுக்காரருக்கும் டெஸ்ட்டில் ஒன்றும் இல்லை என்று வந்தது. ரேவதியின் முடிவு வரும் வரை நான் சாப்பிடவில்லை. பாக்கி இருந்தவர் அண்ணன். அவரிடம் என்னவென்று சொல்வேன்? நீ பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாயே, அந்த இரத்தம்தான் என் கையைப் பொத்தலாக்கியது என்றா? ஊரில் எல்லோருக்கும் டெஸ்ட் எடுக்கிறார்களாம், நீங்களும் வாருங்கள் என்று பொதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "எனக்கென்ன கேடு? கல்லைத் தின்னாலும் செரிக்கற ஒடம்பு இது" என்று காட்டுக்குப் போய்விட்டார்.

எனக்கு வைத்தியம் தொடங்கியது. இரும்புச்சத்து மாத்திரையை அன்றோடு நிறுத்தச் சொன்னார்கள். வைரஸுக்கு மாத்திரை. வெயிலுக்குக் குடையும் கையுறையும். அதோடு, தேங்கிய இரும்பை இறக்க இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என் உடம்பிலிருந்து ஒரு பை இரத்தம் எடுக்கவேண்டும். எடுத்ததை யாருக்கும் கொடுக்க முடியாது, கொட்டிவிடுவார்கள். இதைக் கேட்டதும் அண்ணன் குதித்த குதி இருக்கிறதே!

"ஏத்தறதுதான் வைத்தியம். எடுக்கறது என்ன வைத்தியம்? எந்தப் பைத்தியக்காரன் சொன்னான்?"

"டாக்டரம்மா சொன்னாங்க. இரும்புச்சத்து ரொம்ப இருக்குதாமா."

"சத்து ரொம்ப இருந்தா சீக்கா? நான் குடுத்து ஏத்தின ரத்தம், இவங்க எடுத்துச் சாக்கடையில ஊத்துவாங்களா?"

அவர் கண் கலங்கிவிட்டது. கோபத்தில் கலங்கியது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும், அது கோபமில்லை.

அப்புறம் தொடங்கியது அவர் வைத்தியம். நான் இரத்தம் கொடுத்துவிட்டு வந்து இறங்குகிற ஒவ்வொரு நாளும் கடை வாசலில் தூக்குச்சட்டி இருக்கும். திறந்தால் ஆட்டு இரத்தப் பொரியல். இல்லையென்றால் ஈரல் வறுவல். முருங்கைக்கீரை கட்டுக் கட்டாக வரும். செந்தாரப்பட்டிச் சந்தைக்குப் போகிறவனிடம் சொல்லிப் பேரீச்சம்பழம் வரவழைத்தார். எடுத்ததை விடக் கூடுதலாகச் சாப்பிட்டு ஈடுகட்டிவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. இதையெல்லாம் கொஞ்ச நாளைக்குத் தின்னக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நான் வாங்கி வைத்துவிட்டு ரேவதிக்கும் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தேன். அவர் வந்து கேட்டால் ருசியாக இருந்தது என்பேன்.

ஆனாலும் இரும்பு இறங்கவில்லை. பை பையாக எடுக்கிறார்கள், கை ஆறுவதற்குப் பதில் புதுக் கொப்புளம் போடுகிறது. டாக்டரம்மா முகம் மாறியது. "மறைக்காமச் சொல்லுங்க, ஏதாவது டானிக் சாப்பிடுறீங்களா?" என்றார். சத்தியமாக இல்லை என்று தலையில் அடித்துக்கொண்டேன். பக்கத்தில் நின்ற ரேவதி மெதுவாக வேறு பக்கம் திரும்பினாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே பிடித்துக் கேட்டேன். சொல்லிவிட்டாள். அண்ணன் மெடிக்கலில் இரும்பு டானிக் பாட்டில் வாங்கிக் கொடுத்து, காலையில் என் ராகிக்கஞ்சியில் ஊற்றிக் கலக்கச் சொல்லியிருக்கிறார். கருப்பட்டி போட்டிருப்பதால் எனக்கு ருசி தெரியவில்லை. "மாமா அழுதாரும்மா. உங்கம்மா ரத்தமெல்லாம் போகுது, நீ பெத்த மகளா இருந்து பாத்துட்டு இருக்கறயேன்னு கேட்டாரு. எனக்குத் தாங்கல" என்றாள். அவளை அடிக்கக் கை ஓங்கினேன். ஓங்கின கையில் புண்ணுக்குப் போட்டிருந்த கட்டைப் பார்த்ததும் இறக்கிவிட்டேன்.

அன்று மாலை நேராக அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டேன். அவர் மிளகுக் கொடியிலிருந்து இறங்கி வந்து, ஏணியைச் சாய்த்து வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கல்லில் உட்கார்ந்தார்.

"நீங்க எனக்கு மருந்து குடுக்கலீங்கண்ணா, வெசம் குடுத்திருக்கறீங்க! என்னைக் கொல்றதுக்கா பாக்கறீங்க?"

"ஏன் கண்ணு இப்படிப் பேசற? எடுத்துட்டே இருந்தா நீ என்னாகறது?" என்று சொல்லிக்கொண்டே காலைச் சொறிந்தார்.

அப்போதுதான் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே இரண்டு காலிலும் குங்குமத்தை உதறிவிட்ட மாதிரி சிவப்புப் புள்ளிகள். சில இடத்தில் கருத்துப்போயிருந்தது. கணுக்கால் வீங்கியிருந்தது. என் வாயில் இருந்த சண்டை அப்படியே நின்றுவிட்டது. குனிந்து விரலால் தடவினேன். தட்டுப்பட்டது.

"இது எப்ப இருந்துங்கண்ணா?"

"அட்டை கடிச்சது. போகும் வரும். சொறிஞ்சா எரியும், வேற ஒண்ணுமில்ல."

அட்டை கடி எப்படி இருக்கும் என்று மலையில் பிறந்தவளுக்குத் தெரியாதா? அவரைக் கூர்ந்து பார்த்தேன். கன்னம் ஒட்டியிருந்தது. ஏணியில் ஏறி இறங்கினதுக்கே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நான் என் கையையே பார்த்துக்கொண்டிருந்த மாதங்களில் இவரைப் பார்க்கவே இல்லையே. இனி ஒரு நாள்கூடப் பொறுக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. டெஸ்ட்டுக்கு வாங்க என்றால் வரமாட்டார். உண்மையைச் சொன்னால் உடைந்துபோவார். இந்த மனுஷனை மலையிலிருந்து இறக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது.

"அண்ணா, நீங்க சொன்னதுதான் சரி. ரத்தம் ரொம்பக் கொறஞ்சு போச்சாமா. ஏத்தோணும்னு சொல்றாங்க. நீங்க வந்து குடுக்கோணும்."

அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் குனிந்துகொண்டேன். "நான் அப்பவே சொல்லல? நாளைக்கே வாரேன் சாமி. மொதல் பஸ்ஸுக்கே வாரேன்" என்றார்.

அன்றே டாக்டரம்மாவுக்கு ரேவதியின் போனிலிருந்து சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை. "பொய் சொல்லிக் கூட்டிட்டு வர்றது உங்க பாடு. இங்க வந்ததும் எதுக்கு டெஸ்ட்டுன்னு உண்மையைச் சொல்லிக் கேட்டுத்தான் எடுப்பேன். அவர் வேண்டாம்னா விட்டுருவேன்" என்றார். சரி, முதலில் வந்து சேரட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் அண்ணன் தலைக்குக் குளித்து, விபூதி இட்டு, நோம்பிக்குக் கட்டும் வேட்டியோடு வந்து நின்றார். பஸ்ஸில் கண்டக்டரிடம், பின் சீட்டில் இருந்தவரிடம், காளப்பநாயக்கன்பட்டி டீக்கடையில் என்று எல்லோரிடமும் "தங்கச்சிக்கு ரத்தம் குடுக்கப் போறனுங்க. இது ரெண்டாந்தடவ" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

டாக்டரம்மா சொன்னபடியே செய்தார். அவரை உட்கார வைத்து, தங்கச்சிக்கு இருக்கும் வைரஸ் உங்களுக்கும் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும், சம்மதமா என்று கேட்டார். அண்ணன் சட்டைக் கையை ஏற்கெனவே சுருட்டி வைத்திருந்தார். "என்ன வேணும்னாலும் பாருங்கம்மா. பாத்துட்டுச் சீக்கிரம் எடுத்து இவளுக்கு ஏத்துங்க" என்றார். குழலில் இரத்தம் நிறைவதைப் பார்த்து, "இவ்வளவு போதுமாங்க? நல்லா எடுங்க" என்று நர்ஸிடம் சொன்னார். பிறகு டாக்டரம்மா அவர் வேட்டியை விலக்கிக் காலைப் பார்த்தார். என்னை ஒரு தடவை பார்த்தார்.

முடிவு வரும் வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் எல்லோரிடமும் ஊர் விசாரித்துக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். ஆத்தா, இவருக்கு இல்லாமல் இருக்கவேண்டும், என் கை இப்படியே கிடந்தாலும் பரவாயில்லை என்று வேண்டிக்கொண்டேன்.

இருந்தது. ஸ்கேனில் கல்லீரல் இறுக ஆரம்பித்திருந்தது. இன்னும் கெட்டுப்போய்விடவில்லை, இப்போதே மாத்திரை தொடங்கினால் காப்பாற்றிவிடலாம், ஒரு வருஷம் கழித்து வந்திருந்தால் நான் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன் என்று டாக்டரம்மா அவரிடமே நேராகச் சொன்னார். அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்ப இவளுக்கு நான் ரத்தம் குடுக்க முடியாதுங்களா?"

"முடியாதுங்க. இவங்களுக்கு ஏத்தவும் வேண்டாம்."

சுருட்டி வைத்த சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே வந்தார். ஆஸ்பத்திரி வளாகத்து வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் அந்தத் தேள் பச்சையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரேவதி நின்றாள்.

"பாப்பா."

"சொல்லுங்கண்ணா."

"அன்னிக்கு நான் குடுத்தனே. அதுலதான் உனக்கு வந்துச்சா?"

"உறுதியாச் சொல்ல முடியாதுன்னு டாக்டரம்மாவே சொல்லீட்டாங்க. இன்னொரு பாட்டிலும் ஏத்தினாங்கள்ல..."

"அவங்க சொன்னது இருக்கட்டும். உனக்கு என்ன தோணுது?"

பொய்யெல்லாம் நேற்றோடு தீர்ந்துவிட்டிருந்தது. "வந்திருக்கும்னுதான் தோணுதுங்கண்ணா" என்றேன்.

அவர் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். "ஊர் ஊராச் சொல்லீட்டுத் திரிஞ்சனே பாப்பா! வெசத்தக் குடுத்துட்டு, என்ற ரத்தம் என்ற ரத்தம்னு..." என்று வாய்விட்டு அழுதார். என் அண்ணன் அழுது அதுவரை நான் சத்தம் கேட்டதில்லை. போகிறவர்கள் எல்லாம் யாரோ செத்துவிட்டார்கள் என்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. என் சுபாவம் அது. கையுறையை உருவிப் போட்டுவிட்டு அவர் இரண்டு கையையும் இறுகப் பிடித்தேன்.

"இங்க பாருங்க! இந்தக் கையைப் பாருங்கண்ணா! அன்னிக்கு நீங்க குடுக்கலீன்னா கொப்புளம் வாரதுக்கு இந்தக் கையே இருந்திருக்காது. மண்ணுக்குள்ள போயிருக்கும். இதோ நிக்கறாளே, இவளுக்கு அம்மா இருந்திருக்க மாட்டா. இத்தன வருசம் சூப்புக் காச்சினது யாரு? உங்களோட சண்ட போட்டது யாரு? அதெல்லாம் யாரு குடுத்ததுங்க?"

பிடித்த வேகத்தில் என் புறங்கைத் தோல் வழன்று இரத்தம் கசிந்தது. அதைப் பார்த்ததும் அவர் அழுகை நின்றது. தோளில் இருந்த துண்டை எடுத்து என் கையில் சுற்றினார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "பாரு... என்ற ரத்தம், அதான் சும்மா கொதிக்குது" என்றார். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. ரேவதிதான் மூன்று பேருக்கும் இளநீர் வாங்கிவந்தாள்.

அதன்பிறகு தினமும் இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் அண்ணன் அவர் வாசலில் நின்று, "பாப்பா, மாத்திர முழுங்கீட்டயா?" என்று கூப்பிடுவார். நான் இங்கிருந்து பதில் கொடுத்து, நீங்க முழுங்கீட்டீங்களா என்று கேட்பேன். என் மாத்திரை முன்னால் முடிந்தது, அவருடையது பின்னால். இதை எழுதும்போது இரண்டு பேர் இரத்தத்திலும் அந்த வைரஸ் இல்லை என்று வந்துவிட்டது. அவர் காலில் புள்ளிகள் மங்கிவிட்டன. கல்லீரலுக்கு மட்டும் அவ்வப்போது ஸ்கேன் எடுக்கப் போய்க்கொண்டிருக்கவேண்டும். என் கையில் தழும்பு இருக்கிறது, கொப்புளம் இல்லை. கேட்கிறவர்களுக்கு, தொட்டால் ஒட்டாத சீக்கு, அதுவும் போய்விட்டது என்று சூப்பை ஊற்றிக்கொண்டே சொல்லிவிடுகிறேன். வேண்டாம் என்கிறவர்கள் போகட்டும்.

ஒன்று மட்டும் சொல்ல விட்டுப்போயிற்று. வேப்பமரத்தடியில் அழுதாரே, அதற்கு அடுத்த முறை நான் இரத்தம் எடுக்கப் போனபோது, வேண்டாம் என்று சொல்லியும் அண்ணன் கூடவே வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி ஆஸ்பத்திரி வாசல் வரை என் கைமேல் வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டு நடந்தார். அவர் பாதி வெயிலில் நடந்தார். என்னைக் கட்டிலில் படுக்க வைத்து ஊசி குத்தினார்கள். கீழே தொங்கிய பையில் இரத்தம் இறங்க ஆரம்பித்தது. கருஞ்சிவப்பாக, சத்தமில்லாமல் நிறைந்துகொண்டிருந்தது. அண்ணன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நர்ஸ் வந்து, "பெரியவரே, இங்க நிக்கக்கூடாது. இதெல்லாம் பாத்தா மயக்கம் வரும், வெளிய உக்காருங்க" என்றாள்.

"இல்லீங்கம்மா" என்றார் அண்ணன். "வரும்போது நாந்தான் கொண்டாந்து விட்டேன். போகும்போதும் நானே இருந்து அனுப்பி வெக்கறனுங்க."

நர்ஸ் என்னைப் பார்த்தாள். பிறகு மூலையில் இருந்த ஸ்டூலை இழுத்து வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டாள்.